ஆர்த்தோபீடிக்ஸ்: எலும்பே இல்லாத ஒரு சொல்

ஆர்த்தோபீடிக்ஸ் என்றால் என்ன என்று யாரிடம் கேட்டாலும் 'எலும்பு' என்றுதான் பதில் வரும். எலும்பு டாக்டர், எலும்பு வார்டு, எலும்பு ஸ்பெஷலிஸ்ட். ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே எலும்பே கிடையாது. கிரேக்கத்தில் எலும்புக்கு 'ஆஸ்டியோன்' என்று பெயர். ஆஸ்டியோபோரோசிஸ் என்கிறோமே, அதில் இருப்பது அதுதான். ஆர்த்தோபீடிக்ஸில் இருப்பவை வேறு இரண்டு சொற்கள். ஒன்று 'ஆர்த்தோஸ்', நேரான, நிமிர்ந்த என்று பொருள். இன்னொன்று 'பைடியோன்', சின்னக் குழந்தை.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே அடிக்கடி சறுக்குவார்கள். மூட்டுக்குக் கிரேக்கச் சொல் 'ஆர்த்ரான்'. ஆர்த்ரைட்டிஸ், ஆர்த்ரோஸ்கோப்பி எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்று 'ஓ'வில் தொடங்கும், மற்றது 'ஏ'யில் தொடங்கும், கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். தமிழில் இரண்டுமே 'ஆர்த்' என்று தொடங்குவதால், ஆர்த்தோ என்றால் மூட்டு என்று விளக்கம் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஆர்த்ரோ மூட்டு, ஆர்த்தோ நேர். பல் வரிசையைச் சீராக்கும் ஆர்த்தோடான்டிக்ஸில் இருப்பதும் இதே ஆர்த்தோதான்.

சொல்லின் பின்பாதியிலும் ஒரு குழப்பம் உண்டு. பெடல் என்ற சொல்லில் வரும் லத்தீன் 'பெட்', பாதம். அதை வைத்து 'பாதத்தை நேராக்குவது' என்று சிலர் பொருள் சொல்வார்கள். அதுவும் இல்லை. குழந்தை மருத்துவத்தைப் பீடியாட்ரிக்ஸ் என்கிறோமே, அந்தப் 'பீடி'தான் இது. அப்படியென்றால் 'பீடியாட்ரிக் ஆர்த்தோபீடிக்ஸ்' என்னும்போது குழந்தையை இரண்டு முறை சொல்கிறோம், 'நடு சென்டர்' மாதிரி. 'பெரியவர்களுக்கான ஆர்த்தோபீடிக்ஸ்' என்றாலோ, வேர்ப்பொருள்படி பெரியவர்களுக்கான பிள்ளை நிமிர்த்தல். சொல் பிறந்த இடத்தை விட்டு எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

பிறந்த இடம் பாரிஸ், ஆண்டு 1741. நிக்கோலா ஆன்ட்ரி என்ற மருத்துவப் பேராசிரியர் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைப்பதற்கென்றே இந்தச் சொல்லை உருவாக்கினார். குழந்தைகளின் உடலில் வரும் கோணல்களைத் தடுக்கும், திருத்தும் கலை என்று தலைப்பிலேயே விளக்கமும் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, அடுத்த ஆண்டே இறந்தும் போனார். அவர் அறுவை மருத்துவர் அல்ல. அந்தக் காலத்து அறுவை மருத்துவர்களோடு அவருக்கு ஆகவே ஆகாது, பெரிய சண்டை. புத்தகத்தை எழுதியதும் பெரும்பாலும் பெற்றோருக்காகத்தான்: பிள்ளை எப்படி உட்கார வேண்டும், எப்படி நிற்க வேண்டும், கால் வளைந்தால் வீட்டில் என்ன செய்யலாம். இன்றைக்கு அந்தச் சொல் பெரிதும் அறுவை மருத்துவர்களின் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. வளைந்த இளமரம் ஒன்று. பக்கத்தில் நேரான ஒரு கம்பு. இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்டியிருக்கிறது. பிள்ளையின் கால் வளைந்திருந்தால், கன்றின் வளைவை எப்படி நிமிர்த்துவோமோ அப்படியே நிமிர்த்த வேண்டும் என்பது அவர் வாதம். காலின் குழிந்த பக்கத்தில் சின்ன இரும்புத் தகட்டை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டச் சொல்கிறார். அந்த மரம்தான் இன்றும் உலகம் முழுக்கப் பல எலும்பு மருத்துவச் சங்கங்களின் சின்னம். பலர் அதைப் பார்த்திருப்பீர்கள், ஏன் மரம் என்று யோசித்திருக்க மாட்டீர்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். 'எலும்பியல்', 'என்பியல்', 'எலும்பு மூட்டு மருத்துவம்', 'முடநீக்கியல்' என்று நான்கு சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

எலும்பியல், என்பியல் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. என்பு பழைய வடிவம், 'என்புதோல் போர்த்த உடம்பு' என்று குறளில் வருவது. மலையாளத்து எல்லு, கன்னடத்து எலுபு எல்லாம் இதன் உறவுக்காரர்கள். நல்ல சொற்கள்தான், ஆனால் இந்த இடத்துக்கு உரியவை அல்ல என்பது என் கருத்து. எலும்பைப் பற்றிய படிப்புக்கு ஆஸ்டியாலஜி என்று தனித்துறை உண்டு, எலும்பியல் என்ற பெயர் அதற்குத்தான் பொருத்தம். ஆர்த்தோபீடிக்ஸில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், எலும்பை எலும்போடு இணைக்கும் தசைநார், குருத்தெலும்பு, தசை என எல்லாமே சேரும். பல கோணல்களில் எலும்பு மாட்டிக்கொண்டிருக்கும் கைதிதான், இழுத்துப் பிடிப்பது தசைநாண்.

முடநீக்கியல் என்ற சொல்லைத்தான் நான் அதிகம் யோசித்தேன். முடம் என்றால் அடிப்படையில் வளைவு. முடங்கு, முடக்கு, முடக்குவாதம் எல்லாம் ஒரே குடும்பம். முடக்கத்தான் கொடியின் பெயரையும் முடக்கு அற்றான் என்று பிரித்துச் சொல்வார்கள். இந்தச் சொல் மனிதரை மட்டும் குறித்ததில்லை, மரத்தையும் குறித்திருக்கிறது. ஆசிரியராக இருக்கத் தகுதியில்லாதவர்களுக்கு உவமை சொல்லும்போது நன்னூல் 'முடத்தெங்கு' என்கிறது. ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்க்க, பக்கத்து மனையில் சாய்ந்து அங்கே காய்களைப் போடும் வளைந்த தென்னை அது. ஆன்ட்ரி வரைந்து காட்டிய மரமும் ஒரு முடமரம்தான்! ஆக 'முடநீக்கியல்' என்று பெயர் வைத்தவர், அறிந்தோ அறியாமலோ, 1741இன் பொருளை மற்ற மூன்று சொற்களையும் விட நெருக்கமாகப் பிடித்துவிட்டார். நேராக்குதல் என்ற செயல் அதற்குள் இருக்கிறது. 'எலும்பு' என்று தொடங்கும் எதிலும் அது இல்லை.

ஆனால் அந்தச் சொல்லை இன்று தயங்காமல் எழுத முடியவில்லை. முடம் மரத்தை விட்டு ஆளின் மேல் ஏறிப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. முடவன், முடத்தி என்று ஆளையே வளைவாக்கிப் பேசிப் பேசி அது வசையாகிவிட்டது. பிறந்து பத்து நாள் ஆன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவிடம் 'முட' என்று தொடங்கும் ஒரு சீட்டைக் கொடுத்தால், பின்னால் 'நீக்கியல்' என்று இருப்பது அவர் கண்ணில் படாது. அதனால் துறையின் பெயராக 'எலும்பு மூட்டு மருத்துவம்' இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் முடிவு. வேர்ப்பொருள் அதில் இல்லைதான், ஆனால் யாருக்கும் புரியும், யாரையும் குத்தாது.

துறையின் பெயரை விட எனக்கு முக்கியமாகப் படுவது, உறுப்பின் வடிவம் மாறியிருப்பதைக் குறிக்கும் 'டிஃபார்மிட்டி' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்பது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வரிக்கு வரி வருவது அதுதான். அதற்கு 'ஊனம்' என்று எழுதுகிறார்கள். 'ஊன' என்ற வடசொல்லுக்குக் குறைந்த, போதாத என்று பொருள். 'குறைபாடு' என்றாலும் அதே பொருள்தான். ஆனால் உள்ளே மடங்கிப் பிறந்த பாதத்தில் என்ன குறைகிறது? விரல் ஐந்தும் இருக்கிறது, எலும்புகள் அத்தனையும் இருக்கின்றன. ஒன்றுமே குறையவில்லை, இருக்கும் நிலைதான் மாறியிருக்கிறது.

நம் இலக்கணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. இரண்டு சொற்கள் சேரும்போது வரும் மாற்றத்தை விகாரம் என்பார்கள். அதில் மூன்று வகை: தோன்றல், திரிதல், கெடுதல். புதிதாக ஓர் எழுத்து வந்தால் தோன்றல். மரம், வேர் இரண்டும் மரவேர் ஆகும்போது 'ம்' காணாமல் போகிறதே, அது கெடுதல். பொன், குடம் இரண்டும் பொற்குடம் ஆகும்போது எதுவும் போகவில்லை, 'ன்' வடிவம் மாறி 'ற்' ஆகிறது, அது திரிதல். பிறவியிலேயே கை கால்களில் வரும் மாற்றங்களை இதில் பொருத்திப் பாருங்கள். ஆறாவது விரல் தோன்றல். ஓர் எலும்பே உருவாகாமல் போவது கெடுதல். பாதம் உள்ளே திரும்பியிருப்பது, கால் வில்லாக வளைந்திருப்பது, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது எல்லாம் திரிதல். அதனால் டிஃபார்மிட்டிக்கு 'உருத்திரிபு' என்பதே சரியான சொல். பேச்சுக்குக் 'கோணல்' போதும். விகாரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், புழக்கத்தில் அது அருவருப்பு என்ற பொருளுக்குப் போய்விட்டது, திரும்ப இழுத்து வருவது கஷ்டம்.

திரிந்ததைத் திருப்பலாம் என்பதும் 'திரிபு' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. பிறவியிலேயே பாதம் உள்ளே மடங்கியிருக்கும் 'வளைபாதம்' அதற்கு நல்ல உதாரணம். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருப்பது. இதற்கு லத்தீனில் உள்ள நீளமான பெயரில், குதிரை நுனிக்குளம்பில் நிற்பதுபோல் நிற்கும் பாதம் என்ற பொருளும் கலந்திருக்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் இருந்த இக்னாசியோ பொன்செட்டி என்ற மருத்துவர், இதை வெட்டித் திறக்காமலே சரிசெய்யும் முறையை 1940களின் கடைசியில் தொடங்கி உருவாக்கினார். மருத்துவர் பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, கணுக்காலுக்கு முன்னால் புடைத்திருக்கும் எலும்பைக் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டு, மீதிப் பாதத்தை மெல்ல வெளியே திருப்புகிறார். எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான், வலிய இழுப்பதில்லை. அந்த நிலையிலேயே விரலிலிருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் பாதம் இன்னும் கொஞ்சம் இளகியிருக்கும், மறுபடியும் திருப்பிக் கட்டுவார்கள். ஐந்தாறு கட்டுகளில் பெரும்பாலும் நேராகிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டும் தேவைப்படும். அப்புறம் இரண்டு காலணிகளையும் ஒரு கம்பியால் இணைத்த பிரேஸ், முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுக்க, பிறகு நான்கு வயது வரை தூங்கும்போது. இதை விட்டுவிட்டால் பாதம் பெரும்பாலும் திரும்பவும் பழைய இடத்துக்கே போகும். இந்த முறை மற்ற மருத்துவர்களிடம் பரவலாகப் போய்ச் சேர 1990கள் ஆயின.

பிள்ளையிடம் இது பலிப்பதற்குக் காரணம் வளர்ச்சி. நீள எலும்பின் முனைக்கு அருகே குருத்தெலும்பாலான 'வளர்தட்டு' இருக்கும், எலும்பு நீள்வது அங்கேதான். அழுத்தம் மிகுந்தால் அங்கே வளர்ச்சி மெதுவாகும், அழுத்தம் குறைந்தால் வேகமாகும். ஹூட்டர், ஃபோல்க்மன் என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் 1862இல் இதைச் சொன்னார்கள். இன்று வளரும் பிள்ளையின் வில்காலுக்கு முட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்னத் தகடும் இரண்டு திருகாணிகளும் வைத்து வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துகிறார்கள். மறுபக்கம் வளர வளரக் கால் தானே நேராகிறது, நேரானதும் தகட்டை எடுத்துவிடுகிறார்கள். மரத்தில் கட்டிய கயிறு உடம்புக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் எல்லா வில்காலுக்கும் இது வேண்டாம். பிறந்த குழந்தைக்குக் கால் வில்லாக இருப்பது இயல்பு, இரண்டு வயதை ஒட்டி நேராகி, மூன்று நான்கு வயதில் முட்டி தட்டும் காலாகி, ஏழு வயதுக்குள் பெரும்பாலும் நிலைத்துவிடும். அந்த வயதுகளில் அதற்கு உருத்திரிபு என்று பெயர் வைப்பதே தவறு.

பெரியவர்களுக்கு வளர்தட்டு மூடிவிட்டது, காலத்தின் உதவி இல்லை. வளைந்த காலில் உடல் எடை முட்டியின் ஒரு பாதியிலேயே விழுந்து விழுந்து அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பு தேயும். அங்கே எலும்பை வெட்டித்தான் கோணத்தை மாற்ற வேண்டும். சைபீரியாவின் குர்கன் நகரில் 1950களில் இலிசரோவ் என்ற மருத்துவர் செய்தது, இல்லாத வளர்ச்சியைத் திரும்ப உண்டாக்கியதுதான். எலும்பை வெட்டி, வளையங்களும் கம்பிகளும் கொண்ட சட்டத்தைக் காலைச் சுற்றி மாட்டி, சில நாள் பொறுத்து, நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதையும் நான்கு தவணையாகக் கால் மில்லிமீட்டர் வீதம் நட்டைத் திருகி விலக்குவது. விலகிய இடைவெளியில் புது எலும்பு ஊறிவரும். பல நோயாளிகள் அந்த நட்டைத் தாங்களே வீட்டில் திருகுகிறார்கள்.

கடைசியாக ஒரு ஜோடிச் சொல்: வேரஸ், வால்கஸ். மருத்துவத்தில் வில்கால் வேரஸ், முட்டி தட்டும் கால் வால்கஸ். லத்தீன் அகராதியைத் திறந்தால் நேர் எதிர், வால்கஸ்தான் வில்கால். இடையில் எங்கோ மாறிப்போய், இப்போது மாணவர்கள் மனப்பாடம் செய்துதான் நினைவில் வைக்கிறார்கள். தமிழில் நமக்கு அந்தச் சிக்கலே வேண்டாம். வில்கால் என்றாலே வடிவம் தெரிகிறது, முட்டி தட்டும் கால் என்றாலே சத்தம் கேட்கிறது. கூன் என்ற பழைய சொல் முதுகின் முன்பின் வளைவுக்கு அப்படியே பொருந்தும், பக்கவாட்டு வளைவான ஸ்கோலியோசிஸுக்குப் பக்கக்கூன். அறிக்கையில் இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், எந்த இடம், எந்தப் பக்கம், எத்தனை டிகிரி என்று சேர்த்துக்கொள்ளலாம்: 'இடது முட்டி, வில்வளைவு 12 டிகிரி'.