பரா கிளைடர், ஹாங் கிளைடர்: இடம் மாறிய ஒரு பெயர்

'பரா' என்ற சொல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் இராணுவ முகாம்களிலிருந்து இரவில் மேலே ஏவப்பட்டு, சின்னக் குடையொன்றில் தொங்கியபடி ஊரையே பகலாக்கிக்கொண்டு மெல்ல இறங்கும் வெளிச்சத்தைப் 'பரா லைற்' என்றுதான் எல்லாரும் சொன்னோம். பரா என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற நேரமும் அதுவல்ல. இப்போது அதே பரா வேறு சோலியாக வந்திருக்கிறது. சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர் இன்டர்லாகன் பக்கம் போனால், மலைச்சரிவில் ஓடிக் கால் எடுத்துப் பறக்கிற வீடியோ வந்துவிடும். கீழே 'பரா கிளைடிங்' என்று எழுதியிருக்கும். முக்கோணச் செட்டைக்குக் கீழே ஒருவர் குப்புறப் படுத்தபடி போகிற வீடியோவுக்கும் சிலர் அதே பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அது பரா கிளைடர் அல்ல, ஹாங் கிளைடர்.

பராவிலிருந்து தொடங்குவோம். பலர் நினைப்பதுபோல இது 'பக்கத்தில்', 'துணையாக' என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டு அல்ல. இதன் வேர் 'தடு', 'காத்துக்கொள்' என்ற பொருளுடைய இத்தாலிய வினை. பிரெஞ்சில் அதோடு 'விழுதல்' என்ற சொல் சேர்ந்து பரசூட் ஆனது. 1783இல் குடைபோன்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு உயரத்திலிருந்து குதித்துக் காட்டிய லெனோர்மான் என்ற பிரெஞ்சுக்காரர் உண்டாக்கிய சொல் அது. வெயிலைத் தடுப்பது பரசோல், மழையைத் தடுப்பது பரப்ளுயி, விழுகையைத் தடுப்பது பரசூட். முதல் இரண்டும் நம் கணக்கில் குடைதான். ஆகவே பரசூட்டுக்குத் தமிழில் 'வான்குடை' என்று பெயர் வைத்தவர்கள் உருவத்தைப் பார்த்து வைத்திருந்தாலும், பிரெஞ்சுச் சொல்லின் குடும்பத்துக்குள்ளேயே போய் விழுந்திருக்கிறார்கள்.

பிறகு பரசூட்டின் தலையை மட்டும் வெட்டி வேறு சொற்களில் ஒட்டத் தொடங்கினார்கள். பரா லைற்றில் இருப்பதும் பரா கிளைடரில் இருப்பதும் அந்த வெட்டிய தலைதான். கிளைடர் என்பது இயந்திரம் இல்லாமல் காற்றில் வழுக்கிப் போவது.

விசயம் இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரா கிளைடர் என்று சொன்னால் அது இன்றைய பரா கிளைடர் அல்ல. பிரான்சிஸ் ரொகாலோ என்ற பொறியியலாளரும் மனைவி கேர்ட்ரூடும் 1948இல் மடங்கக்கூடிய ஒரு சிறகுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். வீட்டுத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, மின்விசிறிக் காற்றில் சோதித்துப் பார்த்த சிறகு. முதலில் அதைப் பட்டமாகத்தான் விற்றார்கள். பின்னர் ஜெமினி விண்கலத்தைக் கடலில் போடாமல் தரையில் இறக்கலாம் என்று நாசா அந்தச் சிறகை எடுத்துக்கொண்டு, அதற்கு வைத்த பெயர் பரா கிளைடர். சோதனைக்காகச் செய்த ஊர்தியை நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் ஓட்டியிருக்கிறார். திட்டம் சரிவரவில்லை. ஜெமினி கடைசிவரை பரசூட்டில்தான் கடலில் இறங்கியது.

அதே சிறகைத்தான் 1963இல் அவுஸ்திரேலியாவின் கிராப்டன் ஊரில் ஜோன் டிக்கன்சன் எடுத்து, கீழே முக்கோணச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, ஆளைப் பட்டியில் தொங்கவிட்டு, படகால் இழுத்துப் பறக்கவைத்தார். இன்றைய ஹாங் கிளைடரின் உருவம் அதிலிருந்து வந்தது. ஆக, முதலில் பரா கிளைடர் என்று அழைக்கப்பட்டது ஹாங் கிளைடரின் தாய்.

இன்று அந்தப் பெயரை வைத்திருப்பது வேறு வம்சம். 1964இல் டொமினா ஜல்பேர் இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே அறை அறையாகத் தைத்து, முன்வாயால் காற்றுப் புகுந்து தானாகவே விறைத்துக்கொள்ளும் சிறகைக் கொண்டுவந்தார். சதுரப் பரசூட் அதிலிருந்து பிறந்தது. 1978இல் பிரான்சின் மியூசி என்ற மலையூரில் மூன்று பரசூட்காரர்கள், விமானத்துக்குக் காசு கொடுத்துக் கட்டாது என்று சரிவில் ஓடிப் பறந்து இறங்கிப் பழகினார்கள். பிரெஞ்சில் அதற்குப் 'பரபாந்த்' என்று பெயர் வந்தது. பாந்த் என்றால் சரிவு. ஆங்கிலத்தில் சும்மா கிடந்த பரா கிளைடர் என்ற பழைய பெயரை இதற்குச் சூட்டிவிட்டார்கள்.

சரி, இரண்டுக்கும் வேறுபாடு என்ன? பரா கிளைடரில் எலும்பே கிடையாது. துணியும் நூலும்தான். காற்று உள்ளே நிற்கும்வரை சிறகு, இல்லாவிட்டால் மூட்டை. ஹாங் கிளைடருக்கு அலுமினியக் குழாயில் எலும்புக்கூடு உண்டு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற மூங்கில் கட்டிய பட்டம் ஹாங் கிளைடரின் சாதி. பரா கிளைடரோ முழுக்க முச்சையில், அதாவது பட்டத்தைப் பிடிக்கிற நூல்கட்டில், நிற்கிற வெறும் துணி.

ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர்களுக்குத்தான் இந்த வேறுபாடு உடம்பில் விளங்கும். பரா கிளைடர் பறப்பவர் ஹாங் கிளைடர் பழகப் போனால் காற்றின் குணம், சூடான காற்று மேலெழும் இடம், ஆகாயத்தில் யார் யாருக்கு வழி விடவேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். பிரச்சினை கையில்தான். பரா கிளைடரில் இரண்டு கைக்கும் இரண்டு பிரேக் பிடிகள். இரண்டையும் கீழே இழுத்தால் சிறகின் பின்விளிம்பு வளைந்து வேகம் குறையும். ஹாங் கிளைடரில் முன்னால் இருப்பது ஒரு குறுக்குத் தண்டு. அதை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் உடம்பின் பாரம் முன்னுக்குப் போய், மூக்குத் தாழ்ந்து, வேகம் கூடும். முன்னே தள்ளினால்தான் குறையும். இழுத்தால் மெதுவாகும் என்று பழகிய கைக்கு இழுத்தால் விரையும் என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பயந்த நேரத்தில் கை பழைய பாடத்தைத்தான் ஒப்பிக்கும்.

திருப்புவதும் அப்படித்தான். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் பரா கிளைடர்காரர் வலப்பக்கம் சாய்ந்து வலது பிடியை இழுப்பார். அதே பழக்கத்தில் தண்டின் வலது முனையை இழுத்தால் உடம்பு முறுகுமே தவிர, பாரம் நகராது. சிறகு பேசாமல் நேரே போகும். இடுப்பையும் காலையும் வலப்பக்கம் கொண்டுபோனால்தான் திரும்பும். இறங்கும்போது இன்னும் சோதனை. நிமிர்ந்து, கையை முக்கோணச் சட்டத்தின் பக்கத் தண்டுகளுக்கு மாற்றி, வேகம் முழுவதும் கரைந்த கணத்தில் இரண்டையும் பலமாக மேலே தள்ளவேண்டும். முந்தித் தள்ளினால் சிறகு எழும்பி அப்படியே கீழே போடும். பிந்தினால் மூக்குத் தரையில் குத்தும். பக்கத் தண்டு வளைந்துபோவது பழகுநருக்குச் சாதாரணம். அதனால்தான் தொடக்கத்தில் குறுக்குத் தண்டில் சில்லுப் பூட்டி, வயிற்றுப் பக்கமாகவே இறங்கப் பழக்குகிறார்கள்.

ஏறுமுன் இன்னொரு சடங்கு உண்டு. ஒருவர் சிறகைப் பிடித்துக்கொள்ள, பறப்பவர் பட்டியில் படுத்துத் தொங்கிப் பார்ப்பார். கொழுக்கி மாட்டியிருக்கிறதா, உடம்பு தண்டுக்கு மேலே சரியான உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்கத்தான். பரா கிளைடரில் முதலில் பட்டியைப் பூட்டிக்கொண்டுதான் சிறகையே தூக்குவது. ஹாங் கிளைடரில் கொழுக்கி மாட்டாமலே சிறகைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவிட முடியும். அப்படி ஓடிச் செத்தவர்களும் உண்டு.

கிடைப்பது என்ன என்றால், வேகம். பரா கிளைடர் சாதாரணமாக மணிக்கு 35, 40 கிலோமீற்றரில் போகும். நல்ல ஹாங் கிளைடர் 100ஐத் தாண்டும். கொந்தளிப்பான காற்றில் துணி மடங்கிவிடுமோ என்ற பயமும் இல்லை. ஆனால் 30 கிலோ அளவு பாரமான நீளப் பொதியை வாகனக் கூரையில் கட்டிக்கொண்டு போகவேண்டும். பரா கிளைடரை முதுகில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். உலகம் எதைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லத் தேவையில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். கிளைடரை 'மிதவை' என்று எழுதுவது எனக்கு ஒப்பில்லை. மிதப்பது பலூன். கிளைடர் காற்றுக்குள் எந்நேரமும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள காற்று அதைவிட வேகமாக ஏறினால்தான் அதுவும் ஏறும். 'சறுக்கு' என்பதே சரியான வினை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லில் ஒரு தோல்வி வாடை ஒட்டியிருப்பது உண்மைதான். அதற்காக ஒதுக்கத் தேவையில்லை. 'சறுக்கு வானூர்தி' பொதுப்பெயராக நிற்கட்டும்.

ஹாங் கிளைடரைத் 'தொங்கு சறுக்கூர்தி' என்று சொல்லுக்குச் சொல் மாற்றலாம். பாடப் புத்தகத்துக்கு அது போதும். ஆனால் இரண்டிலும் ஆள் தொங்கத்தான் செய்கிறார். 1890களில் ஜேர்மனியில் ஒட்டோ லிலியன்தால் கைகளில் தொங்கியபடி பறந்த காலத்திலோ, டிக்கன்சன் காலத்திலோ 'தொங்கு' என்பது அடையாளம். பரா கிளைடர் பரவிய பிறகு அது வேறுபடுத்திக் காட்டாது. ஜேர்மன்காரர் கெட்டித்தனமாக வைத்திருக்கிறார்கள்: பரா கிளைடருக்குக் 'கிளைட்ஷிர்ம்', அதாவது சறுக்குக் குடை. ஹாங் கிளைடருக்குப் பட்டத்தின் பெயரே. நாமும் பட்டம் என்று வைத்தால், பட்டம் விட்டவரா பட்டம் பெற்றவரா என்ற பழைய பகிடி திரும்ப வரும்.

என் தெரிவு, பரா கிளைடருக்குக் 'குடைச்சிறகு', ஹாங் கிளைடருக்குச் 'சட்டச்சிறகு'. ஒன்று குடைவழி வந்தது, மற்றதற்குச் சட்டம் உண்டு. பெயரைக் கேட்டவுடன் எது எது என்று பிடிபடும். யாழ்ப்பாணப் பேச்சில் சிறகைச் செட்டை என்போம். வீட்டில் 'குடைச்செட்டை' என்று சொன்னாலும் பிழையில்லை.

இங்கே பறக்க மலை இல்லை. கீரிமலையிலும் பெயரில்தான் மலை. யாராவது தொடங்கினால் தரையில் வின்ச் வைத்துக் கயிற்றால் இழுத்துத்தான் ஏற்றவேண்டும். கடற்கரைகளில் படகு இழுக்க, ஒரே குடையில் சுற்றுலாப் பயணி தொங்கிப் போவது பரா செயிலிங். அதில் பறப்பாளர் என்று ஒருவர் இல்லை, படகோட்டிதான் எல்லாம். அதைச் சறுக்கு வரிசையில் சேர்க்கக்கூடாது. 'இழுகுடை' என்றால் போதும்.