முடிச்சை நிறுத்தாத உயிரணுக்கள்

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ கடலுக்குப் போய்வருபவரின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால், கெளுத்தி முள் குத்திய வடுவோ கயிறு அறுத்த வடுவோ ஒன்றிரண்டாவது தென்படும். அந்தக் காயங்களை மூடியவை மயோஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் உயிரணுக்கள். தசையைப் போலச் சுருங்கிக் காயத்தின் விளிம்புகளை இழுத்துச் சேர்ப்பதும், கொலாஜன் என்னும் வலுவான புரத இழைகளைச் சுரந்து இடைவெளியை நிரப்புவதும் அவற்றின் வேலை. தோலில் காயம் ஆறியதும் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. சிறுநீரகத்திலோ, நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் சேதம் செய்துகொண்டே இருப்பதால், இதே உயிரணுக்களுக்கு ஓயும் வேளை வருவதில்லை. கிழிசலைச் சரிசெய்ய உட்கார்ந்தவர், வலைக்கண்கள் எல்லாம் அடைபடும்வரை முடிச்சுப் போட்டுக்கொண்டே போவதற்கு ஒப்பானது இது.

ஒரு சிறுநீரகத்தில் நெஃப்ரான்கள் எனப்படும் வடிகட்டும் நுண்ணலகுகள் ஏறத்தாழ 10 லட்சம் உண்டு. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, அதில் மிகப் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே திருப்பித் தருகின்றன. நுண்குழல்களுக்கும் அவற்றை ஒட்டி ஓடும் நுண்ணிய இரத்த நாளங்களுக்கும் இடையேயுள்ள குறுகிய வெளியில் கொலாஜன் சேரச் சேர, குழல்களுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதனால் நலியும் குழல்கள் மேலும் தழும்பை வரவழைக்கின்றன. செயல்திறனில் பாதி போகும்வரைகூட சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினின் அளவு இரத்தத்தில் பெரிதாக உயராமல் இருக்கலாம் என்பதால், நோய் தெரியவரும்போது பலருக்குத் தழும்பு வெகுதூரம் பரவியிருக்கிறது. இன்றைய மருந்துகள் இரத்த அழுத்தத்தையும் வடிகட்டிகளின் சுமையையும் குறைத்து நோயின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. தழும்பை உண்டாக்கும் உயிரணுவை அவை நேராகத் தொடுவதில்லை.

அந்த உயிரணுவுக்குக் கொலாஜன் சுரக்கச் சொல்லும் வலுவான சைகை டி.ஜி.எஃப்-பீட்டா என்னும் புரதம். அதை அடைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் நோயெதிர்ப்பு மண்டலம் வரம்பு மீறாமல் பிடித்துவைப்பதும் அதே புரதம்தான். அதன் முதல் வகைக்கான மரபணு இல்லாமல் பிறந்த எலிக்குஞ்சுகள் பல உறுப்புகளில் அழற்சி கண்டு சில வாரங்களில் இறந்ததை 1990-களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே கவனம் சைகையிலிருந்து, அதைக் கேட்டு நடக்கும் உயிரணுவின் மீது திரும்பியது.

அந்த உயிரணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதே நெடுநாள் சர்ச்சையாக இருந்தது. குழல்களின் சுவர் உயிரணுக்களே உருமாறுகின்றன என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஜெர்மனியின் ஆகன் நகரை மையமாகக் கொண்ட குழுவினர், மனிதச் சிறுநீரகங்களின் உயிரணுக்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதை மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. வழியே படித்து, 2021-இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். பெரும்பாலான மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுகள், நுண்நாளங்களைச் சுற்றியிருக்கும் பெரிசைட்டுகளிலிருந்தும் திசுக்களின் இடைவெளியில் இருந்து இழைகளைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளிலிருந்தும் வருவதாக அது காட்டியது. உறுப்பு முழுவதையும் அரைத்துச் சராசரி பார்க்கும் பழைய முறையில், சிறுபான்மையான இந்த உயிரணுக்களின் குரல் குழல் உயிரணுக்களின் இரைச்சலில் அமுங்கிப்போகும். இம்முறையின் சிறப்பே அதை மீட்டதுதான் என்பது என் கணிப்பு.

அவர்கள் படித்த மரபணுக்களின் பட்டியலில், மிகுதியாகக் கொலாஜன் சுரக்கும் உயிரணுக்களில் என்.கே.டி.2 என்னும் மரபணு தனித்துத் தெரிந்தது. தழும்பு உள்ள இடத்தில் ஒரு மரபணு காணப்படுவது மட்டும் அதைக் குற்றவாளி ஆக்கிவிடாது; உடன் நின்ற சாட்சியாகவும் இருக்கலாம். எனவே அதை முடக்கிப் பார்த்தனர். வளர்ப்புத் தட்டில் இருந்த மனித உயிரணுக்களில் கொலாஜன் உற்பத்தி குறைந்தது.

இலக்கு அந்த உயிரணுவுக்கு மட்டுமே உரியதா என்பது அடுத்த கேள்வி. பெரிசைட்டுகளின் மேற்பரப்பிலுள்ள பி.டி.ஜி.எஃப்.ஆர்-பீட்டா என்னும், சைகையை வாங்கும் ஏற்பிப் புரதம் மருந்துக்கு எளிதில் எட்டுவது. ஆனால் அது உடலெங்கும் இரத்த நாளங்களைத் தாங்கும் உயிரணுக்களிலும் இருக்கிறது. எலிகளின் இதயத் தழும்பில் 2019-இல் குறிவைக்கப்பட்ட எஃப்.ஏ.பி. என்னும் மேற்பரப்புப் புரதம், எலும்பு மச்சையிலும் தசையிலும் உள்ள சில உயிரணுக்களிலும் உண்டு. இந்த உயிரணுக்களை அடக்கும் மாத்திரை ஒன்று வந்தாலும், அதை விழுங்கியவரின் உள்ளங்கையில் நாளை மீண்டும் கெளுத்தி முள் குத்தினால் அந்தப் புண்ணும் ஆற வேண்டும். என்.கே.டி.2-வோ, உயிரணுவுக்குள்ளே இருப்பது. வெளியே நின்று மேற்பரப்பில் ஒட்டும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) அதை எட்டாது. உள்ளே நுழையக்கூடிய சிறு மூலக்கூறோ, மரபணுவின் செய்தியைத் துண்டிக்கும் ஆர்.என்.ஏ. துணுக்கோ தேவை. அத்தகைய துணுக்குகளைக் கல்லீரலுக்கு அனுப்பும் மருந்துகள் வந்துவிட்டன. சிறுநீரகக் குழல்களின் இடைவெளியில் இருக்கும் உயிரணுவுக்குள் கொண்டுசேர்ப்பது அதைவிடக் கடினமான வேலை.