ஒரு கோல் முன்னிலையா? தரையில் படுக்காதீர்கள், பந்தை வைத்திருங்கள்

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் பல வருடமாகக் கால்பந்துக்கு விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். செவன்ஸோ லெவன்ஸோ, ஒரு கோல் முன்னால் இருக்கிற அணிக்குக் கடைசி ஐந்து நிமிடம் வந்துவிட்டால் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரே சத்தம்தான்: "படுத்துர்ரா தம்பி! எந்திரிக்காத!" படுக்கிற பையனுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். சொல்கிறவர் அவனுடைய கோச்.

சமீபத்தில் ஒரு இறுதிப் போட்டியில் இப்படித்தான் ஒரு அணி மாற்றி மாற்றிப் படுத்தது. மூன்றாவதாக விழுந்த பையன் மட்டும் நடிக்கவில்லை. ஹெட்டருக்குத் துள்ளியபோது எதிராளியின் தலை அவன் நெற்றிப்பொட்டில் இடித்துவிட்டது. அதற்குள் எதிரணிப் பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து, "நடிச்சது போதும், எந்திரிடா" என்று அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். கூட்டம் ஊளையிட்டது. ஸ்ப்ரே பாட்டிலோடு ஓடிவந்தவர் வழக்கம்போலக் கணுக்காலில் அடிக்க ஆரம்பித்தார். நான் குனிந்து, "தம்பி, ஸ்கோர் என்ன?" என்று கேட்டேன். முழித்தான். எந்த ஊர் அணியோடு ஆடுகிறோம் என்றும் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த முதல் அரை நிமிடம் அவனை ஒருவரும் நம்பவில்லை. அவனுக்கு முன்னால் படுத்த இரண்டு பேர் செய்த வேலை அது.

உடம்பு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். எனக்கு அதிகம் எரிச்சல் வருவது இன்னொன்றில். படுத்தால் நேரம் போய்விடும் என்று இத்தனை பேர் இன்னும் நம்புகிறார்கள்.

நேரம் போகாது. எங்களில் பலர் இரண்டு கடிகாரம் கட்டியிருப்போம். ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், இன்னொன்றை ஆட்டம் தடைபடும்போது நிறுத்திவைப்போம். காயம் பார்ப்பது, ஆள் மாற்றுவது, கார்டு காட்டுவது, கோல் கொண்டாட்டம், வேண்டுமென்று இழுத்தடிப்பது, எல்லாவற்றுக்கும் போன நேரத்தைக் கடைசியில் சேர்க்கச் சொல்கிறது கால்பந்து விதிப் புத்தகத்தின் ஏழாவது விதி. நீங்கள் இரண்டு நிமிடம் படுத்தால் நான் இரண்டு நிமிடம் கூட்டுவேன். கூட்டிய நேரத்திலும் படுத்தால் அதற்கும் கூட்டுவேன். 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தில் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் கூட்டினார்கள். அது ஈரான் கோலி (கோல்கீப்பர்) பெய்ரன்வாந்துக்கு நிஜமாகவே மூக்கில் அடிபட்டு ஆன தாமதம். நிஜத்துக்கே அவ்வளவு என்றால் நடிப்புக்கு மட்டும் சலுகை கிடைக்குமா?

அந்த இரண்டு நிமிடத்தில் மைதானத்தில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணி ஓடி ஓடி நாக்குத் தள்ளிப்போய் நிற்கிறது. அவர்களுக்கு நீங்களே ஓய்வு கொடுக்கிறீர்கள். தண்ணீர் குடிக்கிறார்கள். அவர்கள் கோச் எல்லோரையும் ஓரத்துக்குக் கூப்பிட்டு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுக்கிறார். உங்கள் பையனுக்கு உள்ளே வைத்துச் சிகிச்சை பார்த்தால், கோலி மாதிரிச் சில விதிவிலக்குகள் தவிர, அவன் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு என் அனுமதியோடுதான் உள்ளே வரலாம். அதாவது செவன்ஸில் ஆறு பேரோடு நிற்கிறீர்கள், அதுவும் எதிரணி மூச்சு வாங்கி முடித்த நேரத்தில். நடிப்பு என்று தெரிந்தால் மஞ்சள் அட்டை வேறு. ஏற்கெனவே ஒன்று வாங்கியவனாக இருந்தால் சிவப்பு.

"நம்மூர்ல எந்த ரெஃப்ரி சார் டைம் கூட்டுறாங்க?" என்பார்கள். பொழுது சாய்கிறது, கமிட்டி அவசரப்படுத்துகிறது என்று சிலர் சரியான நேரத்துக்கே விசில் ஊதிவிடுகிறார்கள், உண்மைதான். எங்கள் ஆட்கள் அதை நிறுத்த வேண்டும். ஆனால் உங்கள் பையன் நாளைக்கு மாநிலத் தேர்வுக்குப் போவான், லீக் ஆடுவான். அங்கே கூட்டுவார்கள். அப்போது அவனுக்குப் படுக்க மட்டும்தான் தெரியும் என்றால் என்ன செய்வான்?

சரி, எதுதான் பாதுகாப்பான வழி? பந்து உங்கள் காலில், உங்கள் கோலுக்கு ரொம்பத் தொலைவில் இருப்பது. வேறு எந்த வழியும் இதற்கு ஈடாகாது.

1993 நவம்பர் 17, பாரிஸ். அடுத்த வருட உலகக் கோப்பைக்குப் போக பிரான்ஸுக்கு டிரா போதும். பல்கேரியாவோடு 1-1 என்று நிற்கிறது, ஆட்டம் முடியப்போகிறது, பல்கேரியாவின் மூலைக்கொடிப் பக்கம் பிரான்ஸுக்கு ஃப்ரீ கிக். பந்து பிரான்ஸ் வீரர் ஜினோலாவிடம் வருகிறது. அங்கேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தால் முடிந்தது. அவர் நீளமாக க்ராஸ் அடித்தார், அது யார் காலிலும் சேரவில்லை. பல்கேரியா அதை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்தது, கோஸ்டாடினோவ் அடித்தார், 2-1. பிரான்ஸ் உலகக் கோப்பைக்குப் போகவில்லை. பல்கேரியா அங்கே அரையிறுதி வரை போனது. இந்த ஆட்டத்தை நான் பையன்களுக்கு வாய் ஓயாமல் சொல்கிறேன்.

மூலையில் பந்தைக் காப்பது தனி வித்தை, அதைப் பழக்க வேண்டும். எதிராளிக்கு முதுகு முழுசாகக் காட்டாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பந்து அவனுக்குத் தொலைவான காலில் இருக்கட்டும். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நின்றால் தள்ள முடியாது. கை விரிந்திருக்கலாம், முழங்கை வீசக் கூடாது. பந்து எட்டுகிற தூரத்தில் இருக்கிறவரை அவனை உடம்பால் மறைப்பது ஃபவுல் ஆகாது. பந்து இரண்டு எட்டு தள்ளிப் போன பிறகும் மறைத்துக்கொண்டு நின்றால் நான் விசில் ஊதுவேன். எதிராளி பொறுமையிழந்து கால் விடுவான், பந்து அவன் மேல் பட்டு வெளியே போகும், உங்களுக்கு த்ரோ. பக்கத்தில் ஒரு துணை ஆள் கட்டாயம் வேண்டும். அவனிடம் குட்டையாகக் கொடுத்து மறுபடி வாங்குங்கள். கார்னர் கிடைத்தாலும் உள்ளே தூக்கிப் போடாமல் இதே மாதிரி ஆடுங்கள்.

"தூக்கி அடிடா!" என்று கத்துவதையும் விட்டுவிடுங்கள். இலக்கில்லாமல் அடித்த பந்து சில நொடியில் திரும்பி உங்கள் பேக், அதாவது தடுப்பாட்டக்காரன், தலைக்கு மேலேயே வரும். அதைத் தடுக்கப் போய் அவன் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே ஃபவுல் செய்வான். 2022 கால்இறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக 2-0 என்று முன்னால் இருந்த அர்ஜென்டினாவுக்கே அந்த நிலைமை வந்தது. நெதர்லாந்தின் வெக்ஹார்ஸ்ட் ஒன்றைத் திருப்பினார், 90 நிமிடத்துக்கு மேல் கூட்டிய நேரத்தின் கடைசி நொடியில் பாக்ஸ் விளிம்பில் ஒரு ஃபவுல், அந்த ஃப்ரீ கிக்கில் அவரே சமன் செய்தார். பெனால்டியில்தான் தப்பித்தார்கள்.

கோலிகளுக்கு ஒரு வார்த்தை. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் காலம் போய்விட்டது. 2025-26 பருவத்திலிருந்து கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை ரெஃப்ரி கையைத் தூக்கி எண்ணிக் காட்டுவார். கடைசி நிமிடக் கார்னர் என்ன செய்யும் என்று பயர்ன் மியூனிக் அணியைக் கேளுங்கள்: 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 90 நிமிடம் வரை 1-0, அதன் பிறகு மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கார்னரில் இரண்டு கோல். உள்ளூர் டோர்னமென்ட்டில் எந்த விதி என்று டாஸுக்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் மாற்றுவதைப் புதுக் கால்களுக்காகச் செய்யுங்கள், நேரத்துக்காக வேண்டாம். வெளியே வருகிறவன் தனக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிற எல்லைக் கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும், மைதானம் முழுக்க நடந்து வர முடியாது.

இப்போது உடம்பு. சித்திரை வெயிலில் தசை பிடிப்பது நிஜம், மயங்கி விழுவதும் நிஜம். 2004 டிசம்பரில் பெங்களூரு ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் கோவாவின் டெம்போ கிளப் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த கையோடு கோலி மீது மோதி விழுந்தார். திரும்ப எழவில்லை. 2021இல் டென்மார்க்கின் எரிக்சன் யாரும் தொடாமலே விழுந்தார். ரெஃப்ரி உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவர்களைக் கூப்பிட்டார், எரிக்சன் பிழைத்தார். யாரும் மோதாமல் ஒருவன் விழுந்து அசையவில்லை என்றால் நடிப்பா என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள். கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லை, மூச்சு சரியில்லை என்றால் ஒருவர் 108க்குப் போன் போடட்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தட்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. தலையில் அடிபட்டவனைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். தடுமாறினாலோ முழித்தாலோ அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, ஆடிருவான் சார்" என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

கோச் அண்ணன்மாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாள், பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடம், ஒரு அணிக்கு 1-0 கொடுத்து ஆட விடுங்கள். மூலைக்குப் போவது, குட்டைப் பாஸ், த்ரோ, இவை மட்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு இதுகூட வேண்டாம், அவர்கள் கடைசி விசில் வரை கோல் அடிக்க ஓடட்டும்.

டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் எத்தனை நிமிடம் கூட்டியிருக்கிறோம் என்பதை மைக்கில் சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் சண்டை குறையும். மைதானத்துக் கேட்டுக்கு முன்னால் பைக் நிறுத்த விடாதீர்கள், ஆம்புலன்ஸ் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.