மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும்

நான் மீன்பிடி வழிகாட்டி. போன பிப்ரவரியில் சியாட்டில் பக்கத்துப் பெல்வியூவிலிருந்து ஒரு அப்பாவும் அவருடைய பதினாறு வயது மகளும் என் படகில் வந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு ஓரம், ஒலிம்பிக் தீபகற்பத்தில் ஹோ ஆறு. ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறை உருகி வரும் தண்ணீர் என்பதால், அரிசி களைந்த கழுநீரில் கொஞ்சம் நீலம் கரைத்தது போல இருக்கும். அன்று காலையிலிருந்து தூறல் விடவேயில்லை. பதினொரு மணி வரை ஒரு மீனும் தொடவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் தக்கை சட்டென்று உள்ளே போனது. ஏழெட்டு நிமிடம் போராடி, பத்துப் பவுண்டு இருக்கும் ஒரு பெட்டை ஸ்டீல்ஹெட்டை (கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பும் டிரவுட் மீன்) படகருகே கொண்டுவந்துவிட்டாள்.

அப்பா போனை எடுத்துக்கொண்டு, “அண்ணா, ஒரே ஒரு போட்டோ. தூக்கிக் காட்டச் சொல்லுங்க” என்றார்.

“தூக்க வேண்டாம் அண்ணா. வலைக்குள்ளேயே, தண்ணியிலேயே இருக்கட்டும். நீங்க குனிஞ்சு எடுங்க, அழகா வரும்” என்றேன். அவர் முகம் வாடியதைக் கவனித்தேன். பல நூறு டாலர் கொடுத்து, முந்தைய நாளே நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர். அவருடைய வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஏன் மறுத்தேன் என்பதை அன்று படகில் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. சியாட்டில் பக்கம் நம் ஆட்கள் நிறைய பேர் இப்போது சால்மனுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் வழிகாட்டி வைத்துப் படகில் வருகிறார்கள். அவர்கள் எல்லோருக்குமாக இங்கே சொல்கிறேன்.

முதலில் சட்டம். இந்த மாநிலத்தின் ஆறு, ஏரிகளில், பிடித்து விட்டே ஆகவேண்டிய சால்மனையோ ஸ்டீல்ஹெட்டையோ முழுவதுமாகத் தண்ணீரை விட்டு வெளியே எடுப்பதே குற்றம். மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கும் படமெல்லாம் அந்தக் குற்றத்துக்குச் சாட்சிதான். ஸ்டீல்ஹெட்டில் எது விட்டே ஆகவேண்டிய மீன் என்பதை முதுகைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். வாலுக்குச் சற்று முன்னால் விரல் நுனி அளவுக்குச் சதைப்பற்றான ஒரு சின்னச் செட்டை இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன். குஞ்சுப் பண்ணையில் வளர்த்து விட்ட மீனுக்கு அந்தச் செட்டையைச் சிறு வயதிலேயே வெட்டிவிடுவார்கள். அந்த இடம் ஆறித் தழும்பாகியிருக்கும். தழும்புள்ள மீனை, ஆறு திறந்திருக்கும் காலத்தில், அனுமதித்த எண்ணிக்கைக்குள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். குழம்புக்கும் வறுவலுக்கும் அருமையான மீன். காட்டு ஸ்டீல்ஹெட்டை இந்த ஆறுகளில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ள விட்டார்கள். இப்போது அதுவும் கிடையாது.

இனி மீனின் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

மீனின் செவுளைத் தண்ணீருக்குள் பார்த்தால், குளத்தில் முழுகும்போது விரிந்து அலையும் கூந்தல் போல இருக்கும். ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நின்று தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை வாங்கும். வெளியே தூக்கியதும் அத்தனை இழையும் ஈரக் கூந்தல் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் காற்று இருந்தும் மீனுக்கு மூச்சு இல்லை. அதுவும் எந்த நேரத்தில்? ஏழெட்டு நிமிடம் உயிரைக் கொடுத்து இழுத்துவிட்டு, தசையெல்லாம் அமிலம் ஏறிக் களைத்து வந்து சேர்ந்த நேரத்தில். ஓட்டப்பந்தயம் முடித்தவரின் மூக்கையும் வாயையும் பொத்திப் பிடித்து, “கொஞ்சம் சிரிங்க, போட்டோ எடுக்கிறோம்” என்று சொல்வதுபோலத்தான்.

கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ரெயின்போ டிரவுட் மீன்களைக் களைத்துப்போகும்வரை துரத்திவிட்டு, சிலவற்றை அப்படியே தண்ணீரில் விட்டார்கள், சிலவற்றை 30 நொடி, சிலவற்றை 60 நொடி காற்றில் வைத்தார்கள். தண்ணீரிலேயே இருந்தவற்றில் 100க்கு 12 செத்தன. 30 நொடி வெளியே இருந்தவற்றில் 38. ஒரு நிமிடம் இருந்தவற்றில் 72. அவை ஆய்வுக்கூட மீன்கள். ரத்தம் எடுக்கக் குழாய் பொருத்தியிருந்தவை. குளிர்ந்த ஆற்றில் ஓடும் பெரிய ஸ்டீல்ஹெட்டுக்கு அதே எண்ணிக்கை பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நொடி கூடக்கூடச் சாவு எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. போனைத் திறந்து, கையுறையைக் கழற்றி, மீன் துள்ளி நழுவி, திரும்பப் பிடித்து, “இன்னொண்ணு எடு” என்பதற்குள் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அரை நிமிடம் சாதாரணமாகப் போய்விடும். விட்டதும் மீன் வாலை அடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, “நல்லாத்தானே போச்சு” என்பார்கள். பல மீன்கள் பிறகுதான் சாகும், ஆழத்தில், யார் கண்ணிலும் படாமல்.

இந்தப் பிடிவாதம் எனக்கு ஆரம்பத்தில் இருந்ததில்லை. நான் துடுப்புப் பிடித்த இரண்டாவது குளிர்காலம், மார்ச் கடைசி. வாடிக்கையாளர் பெரிய பெட்டை மீன் ஒன்றை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார். சட்டம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நல்ல டிப்ஸ் கொடுக்கிற மனிதர், அடுத்த ஆண்டும் வருவதாகச் சொல்லியிருந்தார். மீன் ஒரு உலுக்கு உலுக்கியது. கை நழுவி, படகின் அலுமினியத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. கூடவே சினை கொட்டியது. மிளகு அளவில் ஆரஞ்சு நிற முட்டைகள், என் பூட்ஸுக்கு அடியிலும் துடுப்புக் கட்டைக்கு அடியிலும் உருண்டு ஓடின. மீனை எடுத்துத் தண்ணீரில் பிடித்தோம். கால் மணி நேரம் ஆகியும் அது நிமிரவில்லை. அன்று மாலை படகைக் கழுவும்போது தரை இடுக்குகளிலிருந்து அந்த முட்டைகளை விரலால் நோண்டி எடுத்தேன். அதற்குப் பிறகு என் படகில் யாரும் காட்டு மீனைத் தூக்கியதில்லை.

அந்த மீன் அங்கே வந்து சேர்ந்த கதையைத் தெரிந்துகொண்டால் இழப்பு எவ்வளவு என்று புரியும். ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ டிரவுட்டும் ஒரே இனம்தான். ஆற்றிலேயே தங்கிவிடுவது டிரவுட், கடலுக்குப் போய் வளர்ந்து திரும்புவது ஸ்டீல்ஹெட். பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஆற்றில், இன்னும் இரண்டு ஆண்டு வட பசிபிக்கில், பிறகு பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும், அது இயற்கை. ஸ்டீல்ஹெட் அப்படியல்ல. முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பி, தேறி, மறுபடி வரக்கூடியது. அப்படி இறங்கிப் போகும் மீனை இங்கே கெல்ட் என்பார்கள். ஏப்ரலில் அவற்றைப் பார்க்கலாம்: தலை பெரிதாக, உடம்பு வற்றிப்போய், பிரசவம் முடிந்த உடம்பு போல. கெல்ட் தூண்டிலில் சிக்கினால் நான் படம் எடுக்கக்கூடப் படகை நிறுத்துவதில்லை. கொக்கியைக் கழற்றி உடனே அனுப்பிவிடுவேன்.

இவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் விழும் ஆறுகளின் ஸ்டீல்ஹெட்டை 2007இலேயே அழியும் ஆபத்துள்ளவை என்று மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. அங்கே ஆறுகள் தூண்டிலுக்கு மூடப்பட மூடப்பட, தூண்டில்காரர் கூட்டம் முழுதும் எங்கள் தீபகற்பத்துக்குத் திரும்பியது. மீன் குறைய, படகு கூட, ஒரே மீன் ஒரு பருவத்தில் இரண்டு முறை, மூன்று முறை சிக்க ஆரம்பித்தது. 2020 டிசம்பரில் மாநில மீன்வளத் துறை அந்தப் பருவத்துக்கு இந்தக் கடலோர ஆறுகளில் படகில் உட்கார்ந்தபடி தூண்டில் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. படகில் போய் இறங்கி, கரையிலோ ஆற்றிலோ நின்றுதான் வீச முடிந்தது. என் போன்றவர்கள் பிழைப்பில் அது பெரிய அடி. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். படகிலிருந்து வீசினால் மீன் ஒதுங்குவதற்கு ஒரு மூலைகூட மிஞ்சாது. விதிகள் ஆற்றுக்கு ஆறு, பருவத்துக்குப் பருவம் மாறும். வரும் நாளன்று காலையில் துறையின் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கீழாற்றில் பழங்குடி மீனவர்கள் வலை கட்டியிருப்பதைப் பார்த்து, “அவங்க வலை போட்டு அள்ளுறாங்க, நாம போட்டோ எடுத்தா தப்பா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஹோ, குவிலியூட், குவினால்ட் மக்கள் 1850களில் தங்கள் நிலத்தைக் கொடுத்து, மீன்பிடி உரிமையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். 1974இல் நீதிபதி போல்ட் வழங்கிய தீர்ப்பு, பிடிக்கத் தக்க மீனில் பாதி அவர்களுடையது என்று உறுதி செய்தது. அவர்கள் பிடிப்பது கணக்கில் வருகிற மீன். நாம் விட்டுவிட்டதாக நினைக்கும் மீனிலும் ஒரு பங்கு செத்துப்போகும் என்று வைத்துத்தான் நம் பக்கத்துக் கணக்கையும் போடுகிறார்கள். அந்தப் பங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் கையில் இருக்கிறது.

சரி, எப்படிப் பிடிப்பது? கொக்கியின் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். ஸ்டீல்ஹெட் பருவத்தில் இங்கே விதியும் அதுதான். தூண்டில் நரம்பு தடிமனாக இருக்கட்டும். மெல்லிய நரம்பில் பதினைந்து நிமிடம் விளையாடி ஜெயிப்பது வீரமல்ல, மீனுக்கு அது நரகம். முடிச்சில்லாத ரப்பர் வலை போதும், அதையும் தண்ணீருக்குள்ளேயே பிடிக்க வேண்டும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கையும் கம்பளிக் கையுறையும் உடம்பின் வழுவழுப்பை வழித்தெடுத்துவிடும். நோய்க்கிருமி உள்ளே போகாமல் காக்கும் தோல் அதுதான். செவுளுக்குள் விரல் போகவே கூடாது. ஒரு கை வாலடியில், இன்னொரு கை நெஞ்சுக்குக் கீழே தாங்கலாக, தலை ஓட்டத்தை எதிர்த்தபடி. முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். அதுவாகவே உதறிக்கொண்டு போகும்வரை காத்திருங்கள். கரையிலிருந்து பிடிக்கிறவர்கள் மீனைக் கூழாங்கல்லில் இழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். முழங்கால் ஆழத்தில் நின்றாலே அந்த வேலை முடிந்துவிடும்.

படமும் எடுக்கலாம். கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்குங்கள். மீனின் முதுகும் கண்ணும் மட்டும் மேலே தெரிய, மற்றதெல்லாம் தண்ணீருக்குள் இருக்கட்டும். கன்னத்தில் அந்த இளஞ்சிவப்பு, முதுகின் கரும்புள்ளிகள் எல்லாம் தண்ணீரில்தான் மின்னும். வெளியே தூக்கினால் வெளிறிவிடும்.

மார்ச், ஏப்ரலில் வருபவர்களுக்கு இன்னொன்று. ஆழமில்லாத இடத்தில், பாசி படிந்த கற்களுக்கு நடுவே, யாரோ கழுவி வைத்தது போலப் பளிச்சென்று ஒரு கட்டில் அளவுக்குச் சரளைத் திட்டு தெரிந்தால், அது மீன் வாலால் தோண்டி முட்டையிட்ட படுகை. அதன் மேல் கால் வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள். நடந்தால் கீழே முட்டை நசுங்கும்.

உங்கள் உயிரையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இந்தத் தண்ணீர் ஐந்தாறு டிகிரிதான். விழுந்தவுடன் நம்மை அறியாமல் வாய் திறந்து மூச்சை இழுப்போம், அந்த முதல் நிமிடத்தில்தான் பலர் போய்விடுகிறார்கள். நல்ல நீச்சல்காரருக்கும் அதே கதி. மிதவைச் சட்டையை இருக்கைக்கடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வரை போடும் ரப்பர் உடைக்கு மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு, எங்கள் படகு அளவுக்குச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

அந்தப் பெண்ணின் கதையை முடிக்கவில்லையே. அவளே படகின் விளிம்பில் குனிந்து, கையை நனைத்துக்கொண்டு, மீனின் வாலடியைப் பிடித்தாள். “ஐயோ, இவ்வளவு ஜில்லுன்னு இருக்கே” என்றாள். கொக்கியை நான் கழற்றினேன். அப்பா முட்டி போட்டு, போனைத் தண்ணீரோடு ஒட்டிப் பிடித்தார். மீன் இரண்டு முறை செவுளைத் திறந்து மூடி, மூன்றாவதில் அவள் கையை உதறிவிட்டுப் போனது. அவர் முகத்தில் தண்ணீர் தெறித்தது. அந்த வீடியோவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் நாலு முறையாவது போட்டுப் பார்த்திருப்பார்.

வழிகாட்டியை அமர்த்தும்போது, மாநில உரிமம் இருக்கிறதா, முதலுதவிப் பயிற்சி முடித்திருக்கிறாரா, தேசியப் பூங்காவுக்குள் போகிறவர் என்றால் அதற்குத் தனி அனுமதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அவருடைய இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் படங்களை ஒரு நிமிடம் பாருங்கள். முதுகில் அந்தச் சின்னச் செட்டை உள்ள மீன்கள் ஆற்றுக்கு வெளியே, மடியில், படகுத் தரையில் கிடந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். “காட்டு மீனைத் தூக்கிப் படம் எடுக்கலாமா?” என்று போனில் நீங்களே கேட்டுப் பாருங்கள். முடியாது என்று சொல்பவரிடம் முன்பணம் கட்டுங்கள்.