வாய் மெல்லும்போது கை சும்மா இருக்கட்டும்

சோற்றைப் பிசைந்து உண்பவரின் விரல்களைக் கவனியுங்கள். வாய் ஒரு கவளத்தை மெல்லத் தொடங்கியதுமே விரல்கள் அடுத்ததைத் திரட்டிவிடுகின்றன. திரட்டிய கவளம் காத்திருப்பதால் வாயில் இருப்பது பாதி மென்றபடியே உள்ளே போகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஞாயிறு மதியம் ஒரு தட்டு மட்டன் கறியும் சோறும் பத்தே நிமிடத்தில் காலியாவது இப்படித்தான். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்தக் கையின் பழக்கத்தை.

காரணம், அளவு. சாதாரண இரைப்பை ஒரு வேளையில் ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். தொடக்கத்தில் அதன் கொள்ளளவு சுமார் 100 முதல் 150 மில்லி. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு இணைக்கிறார்கள்; அந்தப் பை 30 மில்லி அளவுதான். அதிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் ஒரு சென்டிமீட்டரைவிடச் சற்றே அகலம். சரியாக மெல்லாத இறைச்சித் துண்டு அந்த வாசலில் அடைத்துக்கொள்ளும்.

வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு இரண்டு வழிகளில் போகிறது. இரைப்பைச் சுவர் விரிவதை வேகஸ் நரம்பு உடனுக்குடன் சொல்லும். உணவு குடலைத் தொட்ட பிறகு சுரக்கும் சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் இரத்தத்தில் ஏறி வேலை செய்ய நேரம் பிடிக்கும். எல்லாம் சேர்ந்து ‘போதும்’ என்று உணர்த்த ஏறக்குறைய 20 நிமிடம் ஆகிறது. பத்து நிமிடத்தில் முடிப்பவருக்குச் செய்தி வரும்போது தட்டு கழுவப்பட்டிருக்கும். பழைய இரைப்பை அந்த உபரியைத் தாங்கிக்கொண்டது. புதியது தாங்காது: நெஞ்செலும்புக்குக் கீழே அழுத்தம், வாயில் எச்சில் பெருக்கு, பிறகு நுரையோடு உணவு மேலே வரும்.

‘ஆபரேஷன் ஆன பிறகு தானாகவே மெதுவாகிவிடும்’ என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. முதல் இரண்டு வாரம் திரவ உணவு, அடுத்து மசித்தது, மெல்லுவதற்கே வேலையில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதி போய்விடுவதால் தொடக்க மாதங்களில் பசியும் குறைவு. நிறைந்துவிட்டதன் அடையாளமே மாறி, சிலருக்கு விக்கலாகவோ தும்மலாகவோ மூக்கொழுகலாகவோ வரும். வீக்கமும் வலியும் உள்ள உடம்பு இந்தப் புது மொழியைக் கற்கும்போது, பல வருடப் பழக்கத்தையும் கூடவே உடைக்கச் சொல்வது நியாயமில்லை. இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு வேளையும் எத்தனை நிமிடம் ஆகிறதென்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள், போதும். இரண்டாம் வாரத்திலிருந்து கவளத்தைப் பாதியாக்குங்கள். வாயில் போட்டதும் கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வையுங்கள். விழுங்கிய பிறகே கை திரும்பட்டும். ரொட்டியைப் பிய்த்தால் சுண்டுவிரல் நகத்தளவு. 20 முறையாவது மெல்ல வேண்டும், ஆனால் எண்ணிக்கையைவிட நாக்கே நல்ல நடுவர்: அழுத்திப் பார்த்தால் கட்டி எதுவும் தட்டுப்படக் கூடாது. வேளை முழுக்க எண்ண முயன்றால் மூன்றாம் நாளே சலித்துவிடும். முதல் ஐந்து கவளத்துக்கு மட்டும் எண்ணுங்கள், வேகம் அதிலேயே பிடிபடும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். அதற்குப் பல் வேண்டும். ஆடும் பல்லோ பொருந்தாத பல்செட்டோ இருந்தால் இப்போதே பல் மருத்துவரைப் பாருங்கள்.

25 நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். ஒரு மணி நேரம் கொறித்தால், ஒருபக்கம் இரைப்பை காலியாகிக்கொண்டே இருக்கும். மறுபக்கம் நீங்கள் நிரப்பிக்கொண்டே இருப்பீர்கள்.

பயிற்சி தோற்பது பெரும்பாலும் மேசையில் அல்ல, அதற்கு முன்பே. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மதியம் இரண்டு மணிக்குத் தட்டின் முன் உட்காருபவரால் மெதுவாக உண்ண முடியாது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு உண்ணுங்கள். புரட்டாசியிலோ காவடிக்கோ விரதம் இருப்பவர்களுக்கு விரதம் முடிக்கும் வேளைதான் ஆபத்தானது. மோர் குடித்து அரை மணி கழித்து உண்ணலாம். ‘இன்னும் கொஞ்சம் போடவா’ என்று கரண்டியோடு நிற்கும் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாப்பிடும்போது மறுத்தால் மனம் நோகும்.

உணவோடு தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திப் பழக வேண்டும். உண்டு முடித்த பின் 30 நிமிடம் வரை எதுவும் குடிக்கக் கூடாது என்பதே பெரும்பாலான சிகிச்சைக் குழுக்களின் அறிவுரை. நம் சமையலில் இது இரட்டைச் சிக்கல். டர்பன் கறியின் காரம் தண்ணீர் கேட்கும். ஆகவே மிளகாயை வாரம் வாரமாகக் குறைத்து வாருங்கள். ரசமும் நீர்த்த பருப்பும் ஊற்றிய சோறு, குடிப்பதும் தின்பதும் ஒன்றாகிவிட்ட உணவு: மெல்லாமலே வழுக்கிக்கொண்டு போகும். பருப்பைக் கெட்டியாக வைத்து, சோற்றைக் குறைத்து, முதல் கவளங்களை மீன், முட்டை, சுகர் பீன்ஸ் (ஒரு வகைக் காய்ந்த பீன்ஸ்) போன்ற புரதத்திலிருந்து எடுங்கள். சிகிச்சைக்குப் பின் நாளுக்கு 60 கிராமாவது புரதம் தேவைப்படும்.

‘குவார்ட்டர் மட்டன்’ (கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி நிரப்பிய பன்னி சோ) பிரியர்களுக்கு ஒரு செய்தி. பன்னி சோவில் கறியைவிட ரொட்டிதான் தொல்லை. மென்மையான வெள்ளை ரொட்டி எச்சிலில் மாவுருண்டையாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும். கறியில் ஊறியதால் மெல்லாமலே இறங்கும். சிகிச்சைக்குப் பின் அதிகம் சிக்குபவற்றில் இதுவும் ஒன்று. உலர்ந்த கோழி நெஞ்சு, குழைந்த சோறு, முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவையும் அந்த வரிசையில் வரும்.

சிகிச்சைக்கு முந்தைய கடைசி இரண்டு வாரம் பொதுவாக 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து குறைந்த உணவு தருவார்கள். கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் கவிந்திருக்கும். அதில் சேர்ந்த கொழுப்பும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையும் குறைந்தால் மடல் சுருங்கி, மருத்துவரின் கருவிகளுக்கு வழி கிடைக்கும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். உணவு மாறும் நாளுக்கு முன்பே மருந்தளவை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் பின் எப்போதாவது ஒரு கவளம் சிக்கி மேலே வந்தால், வேகம் கூடிவிட்டதென்று பொருள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்காவிட்டாலோ, மெதுவாக உண்டும் வாந்தி தொடர்ந்தாலோ, அதை உங்கள் பழக்கத்தின் குற்றமாக எண்ணிப் பொறுத்திருக்காதீர்கள். வாசல் சுருங்கியிருக்கலாம்; அதை எண்டோஸ்கோப்பி மூலம் விரிக்க முடியும். தொடர் வாந்தியில் தயமின் என்ற பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும். நடை தள்ளாடுவதும் பார்வை இரட்டிப்பதும் குழப்பமும் அந்தக் குறைபாட்டின் அறிகுறிகள். அவசரப் பிரிவில் சேர்ந்ததும் என்ன ஆபரேஷன், எத்தனை நாளாக வாந்தி என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் தரும்படி கேளுங்கள்.