படிப்பறையை ஆய்வுக்கூடம் ஆக்காதீர்கள்

மொழிபெயர்ப்பு வரலாற்று நாவல் ஒன்றில் மறுபடியும் அதே சொல். முதிய அறிஞர் தம் 'ஆய்வுக்கூடத்துக்குள்' போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். மூலத்தில் இருப்பது 'ஸ்டடி'.

இதன் வேர் லத்தீனின் 'ஸ்டூடியம்': ஆர்வம், முனைப்பு. இத்தாலியர் சிறிய தனியறையை 'ஸ்டூடியோலோ' என்றார்கள். இத்தாலியின் உர்பினோ நகர அரண்மனையில் அதை ஆண்ட பிரபு ஃபெடரிகோவுக்காக 1470-களில் அமைத்தது பேர்பெற்றது. பொருள் இவ்வளவுதான்: ஒருவர் மனம் ஒன்றிப் படிக்கும் அறை.

கூடம் என்றாலே நாலு பேர் புழங்கும் இடம். பள்ளிக்கூடம், சிற்பக்கூடம், சமையற்கூடம் எல்லாம் அப்படித்தான். தாழிட்ட கதவுக்குப் பின்னால் இருக்கும் தனிமை அந்தச் சொல்லில் எப்படி நிற்கும்? 'ஆய்வு' இன்னும் மோசம். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1514-இல் செப்புத்தகட்டில் செதுக்கிய, பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோமின் படத்தைப் பாருங்கள். சன்னலோரம் மண்டையோடு, சுவரில் மணற்கடிகாரம், நடுவே குனிந்து எழுதும் கிழவர். மண்டையோடு சாவை நினைவூட்டுகிறது. மணல் வாழ்நாள் கரைவதைச் சொல்கிறது. வரலாற்று நாவலாசிரியர்கள் அறிஞரின் அறையை எழுதும்போது இதே பொருள்களைத்தான் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். அந்த அறைக்கு ஆய்வுக்கூடம் என்று பெயரிட்டால் மண்டையோடு உடற்கூற்று மாதிரியாகிவிடும், மணற்கடிகாரம் அளவுக் கருவியாகிவிடும். ஒரே சொல்லில் குறியீடு முழுவதும் செத்துவிடுகிறது.

'ஆய்வறை' என்று திருத்துவோரும் உண்டு. ஆய்வாளர் என்றால் இன்று காவல் நிலையம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. படிப்பறை என்றால் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் அறை போல இருக்கிறதாம். ஏன், 'நன்றாகப் படித்தவர்' என்று மதிப்போடு சொல்கிறோமே, அது பிள்ளைகளையா குறிக்கிறது? எளிய சொல் என்பதாலேயே அதற்குக் கனம் இல்லை என்று நினைக்கும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களை விட்டுப் போக வேண்டும். அகராதியில் முதலில் கண்ணில் படும் பெரிய சொல்லை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்த அறைக்குள் ஒரு நிமிடம் நின்று பார்ப்பதில்லை.

இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி 1513 டிசம்பர் 10 அன்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மாலையில் சேறு படிந்த உடையை வாசலிலேயே களைந்து, அரசவை உடை உடுத்தித் தம் அறைக்குள் போய், நான்கு மணி நேரம் நூல்கள் வழியே பழங்கால அறிஞர்களுடன் உரையாடுவதாகச் சொல்கிறார். அந்த அறைக்கு அவர் இட்ட பெயர் 'ஸ்க்ரித்தோயோ'. எழுதுதலிலிருந்து வந்த சொல். அந்த இடத்தில் எழுத்தறை என்றே போடலாம், எனக்கு மறுப்பில்லை. மற்ற இடங்களில் படிப்பறை. உலையும் குடுவையுமாக ரசவாதி ஒருவர் வந்தால் மட்டும் அவருக்கு ஆய்வுக்கூடம் கொடுங்கள்.