கூடுதல் பெட்ரோல் எங்கிருந்து வருகிறது? ரிச்சாக ஓடும் பிக்கப் எஞ்சினின் கோளாறைக் கண்டுபிடிக்கும் விதம்

கரும்புகை கக்கும் ஒரு பெட்ரோல் பிக்கப் டிரக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் என்றால் நடு மின்முனையைச் சுற்றியுள்ள பீங்கான் வெளிர் பழுப்பாகத் தெரியும். இதில் பீங்கானே தெரியாது. தொட்டால் விரலில் ஒட்டும் உலர்ந்த கரி அதை மூடியிருக்கும். கரியில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள், அது வேறு கோளாறு. உலர்ந்த கரி என்றால் உள்ளே போன பெட்ரோல் முழுதாக எரியவில்லை. கூடவே மைலேஜ் சரிந்திருக்கும், சைலன்சர் பக்கம் நின்றால் கண் எரியும், சில வண்டிகளில் அழுகிய முட்டை வாடையும் வரும். அந்த வாடை பெட்ரோலில் உள்ள கந்தகத்தினுடையது. ஆக்ஸிஜன் போதாத புகை, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வழியாகப் போகும்போது அந்தக் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது.

இதைத்தான் எஞ்சின் ரிச்சாக ஓடுகிறது என்கிறோம். காற்றுக்கு ஏற்ற அளவைவிட பெட்ரோல் கூடிவிட்டது. சரி, ஏற்ற அளவு என்பது எவ்வளவு? இதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஆக்டேன் மூலக்கூறு ஒன்றில் 8 கார்பன், 18 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்ஸைடாகவும் ஹைட்ரஜன் எல்லாம் நீராவியாகவும் மாற, பன்னிரண்டரை ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் வேண்டும். எடையில் பார்த்தால் 114 கிராம் ஆக்டேனுக்கு 400 கிராம் ஆக்ஸிஜன். காற்றின் எடையில் ஆக்ஸிஜன் 23 சதவீதம்தான் என்பதால், கிட்டத்தட்ட 1,720 கிராம் காற்று. அதாவது ஒரு பங்கு எரிபொருளுக்குப் பதினைந்து பங்கு காற்று. நாம் டேங்கில் நிரப்பும் பெட்ரோல் பலவகை ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்தது. அதற்கு இந்த எண் 14.7. பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 14.1. ஒரு லிட்டர் பெட்ரோலை முழுதாக எரிக்க ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றை எஞ்சின் இழுத்தாக வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சமன்பாட்டைத் தவறாமல் காப்பது எவ்வளவு கடினமான வேலை என்று புரியும்.

எல்லா ரிச் கலவையும் கோளாறு அல்ல. மேட்டில் சுமையோடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் எஞ்சின் கம்ப்யூட்டரே கலவையை 12.5, 13 என்ற அளவுக்குக் கொண்டுபோகும். எஞ்சினின் உச்ச சக்தி அங்கேதான் கிடைக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களும் அப்படித்தான். சூடேறி, சீராக ஓடும்போதும் ரிச்சாகவே இருந்தால்தான் தேட வேண்டும். டீசல் பிக்கப்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. டீசல் எஞ்சின் எப்போதுமே தேவைக்கு அதிகமான காற்றோடுதான் ஓடுகிறது, அதன் கரும்புகைக்குக் காரணங்கள் வேறு.

தேடலுக்கு முன், கம்ப்யூட்டருக்குத் தன் கலவை எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது எனப் பார்த்துவிடுவோம். எக்ஸாஸ்ட் குழாயில் திருகியிருக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்குள் ஸிர்கோனியா என்ற பீங்கான் உறை இருக்கிறது. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இந்தப் பீங்கான் வழியாக ஆக்ஸிஜன் அயனிகள் நகரும். இரு பக்கமும் ஆக்ஸிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். இந்த மின்னழுத்தத்தைக் கணக்கிடும் சமன்பாட்டைத் தந்தவர், 1920-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்ற வால்டர் நெர்ன்ஸ்ட். அதையே அடிப்படையாகக் கொண்டு போஷ் நிறுவனம் செய்த சென்சார் 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால் சுமார் 0.1 வோல்ட், இல்லையென்றால் சுமார் 0.9 வோல்ட். சரியான கலவையைத் தாண்டும் இடத்தில் ஒரே தாவலாக மாறும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்ஸிஜன் மட்டும்தான் தெரியும். ரிச் கோளாறில் நடக்கும் தவறான பழுதுபார்ப்புகளில் பெரும்பகுதி இதை மறப்பதால் நடப்பவை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0172 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தால் முதல் பேங்க், அதாவது சிலிண்டர்களின் முதல் வரிசை, ரிச். பி0175 என்றால் இரண்டாவது பேங்க் ரிச். கோடு வந்ததுமே ஆக்ஸிஜன் சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுகிறார்கள். பெரும்பாலும் அந்த சென்சார் உள்ளதை உள்ளபடி சொன்னதுதான் மிச்சம்.

இந்தக் குறியீட்டைவிட நூறு மடங்கு பயனுள்ளது டிரிம் எண். ஓபிடி-2 என்ற சுயபரிசோதனை வசதியுள்ள எந்த வண்டியிலும், விலை குறைந்த ஸ்கேனரிலும் இதைப் பார்க்கலாம். சென்சார் 'ரிச்' என்றால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கம்ப்யூட்டர் குறைக்கும். அந்தத் திருத்தம் மைனஸ் எண்ணாகத் தெரியும். 'லீன்' (பெட்ரோல் குறைவு) என்றால் கூட்டும், பிளஸ் எண். நொடிக்கு நொடி மாறுவது ஷார்ட் டேர்ம் டிரிம், நினைவில் பதிவாவது லாங் டேர்ம் டிரிம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. மைனஸ் இருபதைத் தாண்டினால் கம்ப்யூட்டர் தன்னால் குறைக்க முடிந்த எல்லையை நெருங்கிவிட்டது என்று பொருள்.

முதலில் பார்க்க வேண்டியது எண்ணின் அளவைக்கூட அல்ல, அது பிளஸ்ஸா மைனஸா என்பதைத்தான். பிளக் கருப்பு, டிரிம் மைனஸ் என்றால் கம்ப்யூட்டருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, குறைக்கப் போராடுகிறது. கூடுதல் பெட்ரோல் அதன் கட்டுப்பாட்டை மீறி எங்கிருந்தோ வருகிறது. பிளக் கருப்பு, ஆனால் டிரிம் பிளஸ் என்றால் கதை தலைகீழ்: யாரோ கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறார்கள், பெட்ரோலைக் கூட்டுவதே கம்ப்யூட்டர்தான். பிளக் வெளுத்திருக்க டிரிம் மட்டும் மைனஸ் என்றால், அப்போதுதான் சென்சார்மேலேயே சந்தேகப்பட வேண்டும்.

ஏமாற்றும் கதையை முதலில் பார்ப்போம். ஒரு சிலிண்டரில், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் செத்துவிட்டது. அந்த சிலிண்டர் இழுத்த காற்றும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே வெளியே வருகின்றன. பெட்ரோலைக் காணத் தெரியாத சென்சார், காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து 'லீன்' என்கிறது. வி8 எஞ்சினில் அந்தப் பக்கத்து நான்கு சிலிண்டர்களுக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. கடைசியில் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த மற்ற மூன்று சிலிண்டர்களும் உண்மையிலேயே ரிச்சாகிவிடுகின்றன. எரியாத பெட்ரோலும் ஆக்ஸிஜனும் ஒன்றாகப் போய்ச் சேர்வதால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. அதனால் மிஸ்ஸிங் (ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் போவது) இருக்கும் வண்டியில் ரிச் கோளாறைத் தேடவே கூடாது. முதலில் மிஸ்ஸிங்கைச் சரிசெய்ய வேண்டும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தாலும் இதே கதைதான். புகை துடிப்புத் துடிப்பாக வருவதால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது.

இப்போது டிரிம் மைனஸாக இருக்கும் கதை. வி6, வி8 எஞ்சின் கொண்ட பிக்கப்பில் இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. எஞ்சின் இரண்டு பேங்க்காகப் பிரிந்திருக்கிறது, பெரும்பாலானவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆக்ஸிஜன் சென்சார், தனி டிரிம். ஒரே எஞ்சினுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எஞ்சின்கள் கிடைத்த மாதிரி. இரண்டு பேங்க்கும் ரிச் என்றால் இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதைத் தேடுங்கள்: பெட்ரோல் அழுத்தம், காற்று அளவி, கூலன்ட் சென்சார், பெட்ரோல் ஆவி வால்வு. ஒன்று மட்டும் என்றால் அந்தப் பக்கத்து இன்ஜெக்டர்கள், அந்தப் பக்கத்து சென்சார். முதல் சிலிண்டர் எந்தப் பக்கமோ அதுதான் முதல் பேங்க்.

அடுத்து, எண்களை ஐடிலிங்கில் ஒருமுறையும் 2,500 ஆர்பிஎம்மில் ஒருமுறையும் எழுதி வையுங்கள். இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஐடிலிங்கில் முதல் பேங்க் மைனஸ் 22, இரண்டாவது மைனஸ் 2, 2,500-ல் முதல் பேங்க் மைனஸ் 6, இரண்டாவது மைனஸ் 1. பொதுவான காரணங்கள் எல்லாம் இங்கேயே கழிந்துவிட்டன. ஆர்பிஎம் ஏறியதும் பிழை சுருங்குவதைக் கவனியுங்கள். ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் கொஞ்சம்தான், அதில் ஒரு சிறு கசிவு பெரிய சதவீதமாகத் தெரியும். வேகம் கூடினால் மொத்தம் பெருகி, அதே கசிவு கரைந்துபோகும். ஆக, முதல் பேங்க்கில் ஓர் இன்ஜெக்டர் மூடிய பிறகும் சொட்டுகிறது. ஒரு ஸ்பேனரைத் தொடாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். சூடாக நிறுத்திய வண்டி அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்று ஓட்டுபவர் சொன்னால் சந்தேகம் இன்னும் வலுக்கும், சொட்டிய பெட்ரோல் தேங்கி நிற்கிறது. அப்புறம் அந்தப் பக்கத்துப் பிளக்குகளைக் கழற்றினால் எது மற்றவற்றைவிடக் கருப்போ அதுதான் குற்றவாளி சிலிண்டர்.

இதற்கு மாறாக இரண்டு பேங்க்கிலும், எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே அளவு மைனஸ் என்றால் பெட்ரோல் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் வழியே போகும் பெட்ரோல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் 21 சதவீதம் ஏறினால் பெட்ரோல் 10 சதவீதம் கூடும். மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய் அடைத்திருக்கலாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சிக்கியிருக்கலாம். வேக்யூம் ஹோஸ் பொருத்திய ரெகுலேட்டர் என்றால் எஞ்சின் ஓடும்போது அந்த ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இருக்கக் கூடாது. ஈரமாக இருந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்து, பெட்ரோல் நேராக, எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிறது. (சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.) 1990-களின் பிற்பகுதியில் வந்த செவ்ரொலே பிக்கப்களின் வோர்டெக் வி8 எஞ்சின்களில் ரெகுலேட்டரே இன்டேக் மேனிஃபோல்டின் உள்ளே இருக்கிறது, கசிந்தாலும் வெளியே தெரியாது. மேல் மூடியைத் திறந்தால், எங்கும் கரி படிந்திருக்க ஓரிடம் மட்டும் கழுவி விட்டதுபோல் பளிச்சென்று இருக்கும். கசிவு அங்கேதான்.

இரண்டு பேங்க்கும் ஐடிலிங்கில் மட்டும் மோசம் என்றால் முதலில் ஆவி வால்வைப் பாருங்கள். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி கரித்துகள் நிரம்பிய ஒரு டப்பாவில் சேர்ந்து, பிறகு ஒரு வால்வு வழியாக எஞ்சினுக்குப் போகிறது. அந்த வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஐடிலிங்கிலும் ஆவி உள்ளே போய்க்கொண்டே இருக்கும், குறிப்பாகப் பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்டிங் டிரபிளும் வரும். வால்விலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸை விரலால் நசுக்கிப் பிடியுங்கள். டிரிம் உடனே மேலே ஏறினால் தேடல் முடிந்தது.

கூலன்ட் வெப்ப சென்சார் சற்று வேறு ரகம். அது குளிரில் சில ஆயிரம் ஓம், சூட்டில் சில நூறு ஓம் மின்தடை காட்டும். அதன் இணைப்பியில் துரு ஏறினால் மின்தடை கூடி, எஞ்சின் உறைபனியில் நிற்பதாகக் கம்ப்யூட்டர் நம்பி, பெட்ரோலைக் கூட்டிவிடும். வயர் அறுந்தே போனால் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். இதைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சென்சார் சரியாக இருந்தும் ஓடும்போது வெப்பம் 60 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது, எஞ்சின் உண்மையிலேயே சூடேறவில்லை.

காற்று அளவியில் ஒரு சூடான கம்பி, கடந்து போகும் காற்று தன்னை எவ்வளவு குளிர வைக்கிறது என்பதை வைத்து எடையைச் சொல்கிறது. நல்ல எஞ்சினில் ஐடிலிங்கில், எஞ்சினின் கொள்ளளவு எத்தனை லிட்டரோ தோராயமாக அத்தனை கிராம் காற்று நொடிக்குப் போகும். 5 லிட்டர் எஞ்சினில் 9 கிராம் காட்டினால் அது நம்பும் எண் அல்ல. ஏர் ஃபில்டர் அடைத்ததால் ரிச் ஆகிவிட்டது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது உண்மை. காற்றை எடைபோட்டுப் பெட்ரோல் தரும் எஞ்சினில் காற்று குறைந்தால் பெட்ரோலும் சேர்ந்தே குறையும். சக்தி போகும், கலவை மாறாது.

கோளாறைச் சரிசெய்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரிச்சாக ஓடிய நாட்களில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலுக்குள் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தாலே தெரியும், அளவும் ஏறியிருக்கலாம். நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்னும். அதோடு, எஞ்சின் சூடேறும்போது அந்தப் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் அறையின் ஆவியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் பிசிவி வால்வு வழியே மறுபடி இன்டேக் மேனிஃபோல்டுக்கு வந்து, புது இன்ஜெக்டர் போட்டும் டிரிம் மைனஸிலேயே நிற்கிறதே என்று குழப்பும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கோடுகளை அழித்து, லாங் டேர்ம் டிரிம் புதிதாகப் பதிவாகும்வரை வண்டியை ஓட்டிவிட்டு, அதன் பிறகு அதே இரண்டு ஆர்பிஎம்களில் எண்களை எழுதிப் பழையவற்றோடு ஒப்பிடுங்கள்.